தேவாங்குக் கூடத்தில் ஒரு சிவப்புப் பை

அத்தியாயம் 9

“காணாமப் போனது தேவாங்கு. ஆனா இங்க நிக்கிற எல்லாரும் தேவாங்கு மாதிரி முழிச்சா எப்படி பாஸ்?” என்றாள் வானொலி.

ஆந்தை சிரிக்கவில்லை. பூங்கா இயக்குநரின் மேசை மேல் கிடந்த சிவப்புப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து தொண்டையைத் தீட்டிக்கொண்டவள் வானொலி. ஆந்தையிடம் உதவியாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. வாய் மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை. அவனுக்கு ஆந்தை என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் வந்தது. கண்ணைக் கொட்டாமல் பார்க்கிறான் என்று கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். வளர்ந்து துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தபோது அதையே பெயர்ப்பலகையில் எழுதிவிட்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் துப்பறிய வரவில்லை. குடும்பத்தோடு பொழுதைக் கழிக்க வந்திருந்தான்.

ஒன்றரை வருடம் மூடிக் கிடந்த நகர உயிரியல் பூங்காவைப் புதுப்பித்துத் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கம்பிக் கூண்டுகள் இருந்த இடத்திலெல்லாம் ஆள் உயரக் கண்ணாடி. எங்கு பார்த்தாலும் பெயின்ட் வாசனை. பூட்டு, கேமரா, காவலாளி எங்கெங்கே வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்ததே ஆந்தைதான். ஆனாலும் திறந்த பிறகு அவன் எட்டிப் பார்க்கவில்லை. காரணம் அக்கா. பதினோரு வருடம் இங்கே கால்நடை மருத்துவராக இருந்தவள். பூங்காவை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மான் செத்துப்போனது. அதற்காக அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த நிர்வாகமும் புதுசு, காவலாளிகளும் புதுசு.

அந்த அக்காவே போன வாரம் போன் செய்து, “பழசை எல்லாம் விடுடா. பொண்ணு ஜூ பார்க்கணும்னு அடம் பிடிக்கிறா. மாமா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பார்ப்பாளாம்” என்றபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தான் கப்பல் வேலையில் இருந்தார். வருடத்தில் இரண்டு மாதம்தான் வீடு. அதனால் அக்கா, அவளுடைய எட்டு வயது மகள், ஆந்தை, “எனக்கும் குரங்கு பிடிக்கும் பாஸ், நம்ம தொழில்ல நிறைய பார்க்கிறோம்” என்று ஒட்டிக்கொண்ட வானொலி என நாலு பேராகக் கிளம்பினார்கள்.

காலையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பதினொன்றரைக்கு அக்கா, “எனக்குத் தலை சுத்துது. இந்த இருட்டுலயே கொஞ்சம் உட்கார்றேன். நீ இவளைக் கூட்டிட்டுப் போய் நீர்நாயைக் காட்டு” என்றாள். இருட்டு என்றது இரவு விலங்குக் கூடத்தை. ராத்திரியில் நடமாடும் விலங்குகளை ஜனங்கள் பகலில் பார்ப்பதற்காகப் பகலை இரவாக மாற்றிக் கட்டிய கட்டடம். மருமகள் மாமனின் விரலை இறுகப் பற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நீர்நாய்த் தொட்டியை விட்டு நகரவில்லை. வானொலி குச்சி ஐஸ் வாங்கித் தன் வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு ஒலிபெருக்கி அலறியது. இரவுக் கூடத்தில் பிறந்து ஐந்து வாரமே ஆன தேவாங்குக் குட்டியைக் காணவில்லை. வாசல்களை மூடினார்கள். வெளியே போகிற ஒவ்வொரு பையையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

அக்காதான் முதல் தகவலைச் சொன்னாள். “உள்ள பெஞ்சுல உட்கார்ந்திருந்தேனா, காக்கி போட்ட ஒரு ஆளு பின்பக்கக் கதவு வழியா வந்தான். முகம் தெரியல. தோள்ல சிவப்புப் பை. என்னைத் தாண்டி வெளியே போனான்.”

அந்தப் பூங்காவில் சிவப்புப் பை வைத்திருந்தவர் ஒரே ஒருத்தர். குட்டி பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர். எல்லோரும் அவரைத் தேவாங்குக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

அக்காவையும் மகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆந்தை வேலையில் இறங்கினான். இப்போது மணி மூன்று. அக்கா சொன்ன அந்தச் சிவப்புப் பைதான் கையில் இருந்த ஒரே துப்பு.

ஆந்தை பையைக் கவிழ்த்தான். நறுக்கிய வாழைப்பழம், ஒரு டப்பாவில் வெட்டுக்கிளிகள், ஒரு துண்டு, மூக்குக்கண்ணாடி.

“குட்டி எங்க?” என்றான்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தேவாங்குக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். “எனக்குத் தெரியாது சார்.”

“பதினொண்ணே முக்காலுக்கு நீ எங்க இருந்த?”

அந்த ‘நீ’ அவர் முகத்தில் போய் விழுந்தது வானொலிக்குத் தெரிந்தது. ஆந்தைக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மான் விசாரணையில் அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் இவர்தான் என்பது அவனுக்கு மனப்பாடம். ‘பொய் சொல்லி என் வேலையைத் தின்னுட்டான்டா’ என்று அக்கா அழுத அழுகை இன்னும் காதில் இருந்தது.

“தீவன அறையில பழம் நறுக்கிட்டு இருந்தேன் சார். கூட யாரும் இல்ல.”

“வசதியா இருக்கு.”

“வசதியா இருந்தா நானே ஒரு சாட்சியை ஏற்பாடு பண்ணியிருப்பேன் சார்” என்றார் அவர். பிறகு குரல் தணிந்தது. “என்னைப் பிடிச்சு வைக்கிறதுன்னா வைங்க. குட்டி பால் குடிச்சு நாலு மணி நேரம் ஆகப்போகுது. அது தாங்காது. அதை முதல்ல தேடுங்க.”

இயக்குநர் ஒரு தாளை நீட்டினார். ஒரு மாதத்துக்கு முன்பு பதவியேற்றவர். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “கூடத்துல இன்னும் கேமரா மாட்டல. ஆனா பின்பக்கக் கதவு பதினொண்ணு நாற்பத்திரண்டுக்குத் திறந்திருக்கு. இவரோட கார்டுல இல்ல. அவசர எண்ணைப் போட்டுத் திறந்திருக்காங்க. அந்த எண் தெரிஞ்சது உங்களுக்கும் எனக்கும்தான்.”

“நீங்க அழுத்தும்போது எட்டிப் பார்த்திருப்பான்.”

“நான் இதுவரைக்கும் அழுத்தினதே இல்லையே” என்றார் இயக்குநர்.

ஆந்தை எழுந்தான். “இடத்தை இன்னொரு தடவை பார்க்கிறேன்.”

இரவுக் கூடத்துக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் தாண்டினால் இருட்டு நடைபாதை. இரண்டாவதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு. விலங்குகளுக்கு அந்த வெளிச்சம் உறுத்தாது என்று புதுப்பித்தபோது போட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தாய்த் தேவாங்கு ஒரு கிளையின் நுனி வரை போவதும், எதையோ மறந்தது போலத் திரும்பி வருவதுமாக இருந்தது.

ஆந்தை பெஞ்சில் உட்கார்ந்தான். அக்கா உட்கார்ந்த அதே பெஞ்சு. எட்டடி தூரத்தில் பின்பக்கக் கதவு.

“பயணிகள் கவனத்துக்கு” என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள் வானொலி. “நடைமேடை ஒன்றில் அற்புதம் நடந்துள்ளது. சோப்பு இல்லை, தண்ணி இல்லை, கறை போய்விட்டது!”

“என்ன உளர்ற?”

“சட்டையைப் பாருங்க பாஸ். குச்சி ஐஸ் கொட்டின இடம். மத்தியானத்துல இருந்து தேய்ச்சுப் பார்த்தேன், போகல. இங்க வந்தா பளிச்சுனு இருக்கு. என் துணி எல்லாத்தையும் இனிமே இங்கயே கொண்டு வந்து காயப் போடலாம்னு இருக்கேன்.”

ஆந்தை பார்த்தான். வானொலியின் சட்டையில் கறையே இல்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே நிறம். அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். வெயிலில் கறை சிவப்பாகச் சிரித்தது. திரும்ப உள்ளே கூட்டிப்போனான். கறை இல்லை.

“பாஸ், பொதுமக்கள் பார்க்கிறாங்க.”

“அந்தப் பையை எடுத்துட்டு வா. சீக்கிரம்!”

வானொலி ஓடிப்போய்ப் பையோடு வந்தாள். பின்பக்கக் கதவருகே போய்த் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஆந்தை பெஞ்சிலிருந்து பார்த்தான். தோளில் தொங்கியது வெளுத்துப்போன ஒரு பை. வெள்ளை என்று சொல்லலாம். மங்கின மஞ்சள் என்று சத்தியம் செய்யலாம். அதைச் சிவப்பு என்று சொல்லக்கூடிய கண் எந்த மனிதனுக்கும் கிடையாது.

சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

“அப்போ சாட்சி சொன்னது...” என்று தொடங்கிய வானொலி, சாட்சி யார் என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். “அக்கா வெளியில வந்தப்புறம் பார்த்திருப்பாங்களோ பாஸ்? குழப்பத்துல உள்ளேன்னு சொல்லிட்டாங்களோ?”

“என்னைத் தாண்டி வெளியே போனான்னு சொன்னா. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதே வார்த்தை.”

“தலை சுத்தல்ல...”

“வானொலி, அந்த அவசர எண் என்ன தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சொன்னா ஊருக்கே தெரியும்னு நீங்கதான் சொல்லலியே.”

“எங்க அப்பாவோட ஸ்கூட்டர் நம்பர். சின்ன வயசுல சைக்கிள் பூட்டுல இருந்து இன்னைக்கு வரைக்கும் எனக்கு வேற நம்பரே வராது. அந்த ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார வச்சு என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனது யாருன்னு நெனைக்கிற?”

வானொலி பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

அவன் மனம் அப்போதும் ஒரு பொந்தைத் தேடியது. சரி, எடுத்தவள் அக்கா என்றே இருக்கட்டும். எப்படி வெளியே கொண்டு போயிருப்பாள்? எல்லோர் பையையும் கொட்டிப் பார்த்தார்களே! வாசலுக்கு நடந்தான். காவலாளி விறைப்பாகச் சலாம் வைத்தார்.

“பன்னிரண்டே முக்காலுக்கு எங்க வீட்டுக்காரங்க போனாங்களே, அவங்க சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தீங்களா?”

காவலாளி சிரித்தார். “என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நான் மூடியில கை வச்சேன். நீங்கதானே, ‘என் அக்காப்பா, விடு’ன்னு சொன்னீங்க.”

ஆமாம். அவன்தான் சொன்னான். சொன்னதோடு நிற்கவில்லை. கனமாக இருக்கிறதே என்று அந்தக் கூடையைத் தன் கையாலேயே வாங்கி, கார் வரை தூக்கிக்கொண்டு போய், பின் சீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தான். “குலுங்காம ஓட்டு அக்கா, குழம்பு கொட்டிடப்போகுது” என்று வேறு சொன்னான். அக்கா ஜன்னல் வழியாக அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

அக்கா வீட்டுக்குத் தன் காரில் கிளம்பினான். மூன்றாவது சிக்னலில் வானொலி, “பாஸ், நான் ஓட்டட்டுமா?” என்றாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

நாலரை மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் திறந்தது மருமகள்.

“மாமா!” என்று குதித்தாள். “நான் உங்க கையை விடவே இல்ல இல்ல? அம்மா கேட்டா சொல்லுங்க. நீர்நாய்கிட்டயே நிக்க வைக்கணும், மாமா கையை விடவே கூடாதுன்னு சொன்னாங்க. விடாம இருந்தா முப்பத்தாறு கலர் பென்சில். வாங்கிட்டேன்!”

ஆந்தை தன் வலது கையைப் பார்த்தான். முக்கால் மணி நேரம் அந்தச் சின்ன விரல்களுக்குள் அகப்பட்டுக்கொண்டு, உலகத்தில் தனக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று பெருமையாகத் திரிந்த கை.

“ரொம்ப கெட்டியா பிடிச்சிருந்தடா கண்ணு” என்றான். “வானொலி அத்தைக்கு உன் பென்சிலைக் காட்டு, போ.”

வானொலி குழந்தையை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

அக்கா சமையலறையில் இருந்தாள். “இப்பவே வந்துட்டியா? அந்த ஆளு ஒத்துக்கிட்டானா? இரு, காபி போடறேன்.”

“பை என்ன நிறம் அக்கா?”

“எத்தனை தடவைடா கேப்ப? சிவப்பு.”

“அந்தக் கூடத்துல சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு விளக்கு போட்டிருக்காங்க. நீ வேலை பார்த்தப்ப சாதா பல்பு இருந்திருக்கும். காலையில நாம உள்ள வரும்போது அவர் தீவன வண்டிகிட்ட நின்னுட்டு இருந்தாரு. நீ பையைப் பார்த்தது அப்போ, வெயில்ல.”

அக்கா அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தாள்.

“பாவம்டா நீ. அரை நாளுக்குள்ள கண்டுபிடிச்சிட்ட.”

“எங்க இருக்கு?”

“ஸ்டோர் ரூம்ல. ஒண்ணும் ஆகல. நான் டாக்டர்டா. சொட்டு மருந்துக் குழாய்ல பால் கொடுத்திருக்கேன். ஒரு வாரம் வச்சிருந்து, யாருக்கும் தெரியாம அவங்க வாசல்லயே வச்சிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் வேலை போயிருக்கும். பதினோரு வருஷம் நான் வளர்த்த இடத்துல என்னைத் திருடி மாதிரி வெளியே அனுப்பினாங்களே, அந்த வாசல் வழியா அவனும் நடக்கணும். அவ்வளவுதான்.”

“அவர் அன்னைக்குப் பொய் சொன்னாரா அக்கா?”

“என்னைக்கு?”

“மான் செத்த அன்னைக்கு. டாக்டரை மூணு தடவை கூப்பிட்டேன், வரலேன்னு சொன்னாரே. நீ போனியா?”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

“நீ போனேன்னு சொன்ன. நான் நம்பினேன். ரெண்டு வருஷமா கேட்டவங்ககிட்ட எல்லாம் உனக்காகச் சண்டை போட்டேன். கூடப் படிச்சவன் ஒருத்தன்கிட்ட இதுக்காகவே பேச்சை விட்டேன். நீ போனியா இல்லியா?”

“அன்னைக்கு எனக்கு ரொம்ப அசதிடா” என்றாள் அக்கா. “காலையில போய்ப் பார்த்துக்கலாம்னு படுத்துட்டேன். ஒரு ராத்திரி. பதினோரு வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி.”

ஆந்தை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இன்று காலையிலிருந்து நடந்தது மட்டும்தான் ஏமாற்று என்று நினைத்து வந்தவனுக்கு, அது இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

“என்னை ஏன் கூட்டிட்டுப் போன?” என்றான். “நீ தனியாவே போயிருக்கலாமே.”

“தனியா போனா கூடையைத் திறப்பாங்களே.” அதைச் சொல்லும்போது அவள் குரலில் கூச்சம் இல்லை, கணக்குப் பாடம் சொல்லித்தருகிற குரலாக இருந்தது. “நீ கண்டுபிடிப்பேன்னு எனக்குத் தெரியும்டா. உன்னை வளர்த்தவளுக்கு உன் மூளை தெரியாதா? கண்டுபிடிச்சாலும் வெளியே சொல்ல மாட்டேன்னு நெனைச்சேன். அதை நம்பித்தான் செஞ்சேன்.”

ஆந்தை எழுந்து போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தான். ஜன்னலில் போர்வை தொங்கியது. சாப்பாட்டுக் கூடைக்குள் மருமகளின் கம்பளிச் சட்டை. அதன் கை மடிப்புக்குள் இரண்டு பெரிய கண்கள். குட்டி அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது.

அவன் மற்றக் கையால் போனை எடுத்தான்.

“யாருக்குடா?” அக்கா வாசலில் நின்றாள். முதன்முறையாக அவள் முகம் மாறியது. “டேய். பொண்ணு மாடியில இருக்கா. அவங்க அப்பா கப்பல்ல இருக்காரு. யோசிச்சுப் பேசு.”

யோசித்தான். அவள் கேட்டதாலேயே யோசித்தான். குட்டியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, புதரில் கிடைத்தது என்று சொல்லலாம். இயக்குநர் நம்புவார். ஆனால் தேவாங்குக்காரர் ஆயுள் முழுக்க, ‘நல்லவேளையாகத் தப்பித்த திருடன்’ என்று பெயர் சுமப்பார். அக்காவின் திட்டத்தில் பாதி அப்போதும் நிறைவேறிவிடும். இந்த முறை அதை நிறைவேற்றுபவன் எல்லாம் தெரிந்த ஆந்தையாக இருப்பான்.

“இயக்குநர் சார், குட்டி கிடைச்சிடுச்சு. உயிரோட இருக்கு” என்றான். “இருங்க, இன்னும் முடியல. அந்தப் பெரியவரை முதல்ல விடுங்க. எடுத்தவங்க அவர் இல்ல. போலீஸைக் கூட்டிட்டு இந்த முகவரிக்கு வாங்க.”

முகவரியைச் சொன்னான். அவன் பிறந்து வளர்ந்த வீட்டின் முகவரி அது.

அக்கா அவனைத் திரும்பிப் பார்க்காமல் மாடிக்குப் போய் மகளுக்குத் தலை வாரிவிட்டாள்.

ஆறு மணிக்குக் கூடத்தில் தேவாங்குக்காரர் குட்டியைக் கிளையில் விட்டார். தாய் மெதுவாக வந்தது, முகர்ந்தது, அப்படியே வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“மன்னிச்சிடுங்க ஐயா” என்றான் ஆந்தை.

“உங்களுக்கு இதைச் செய்யறது சுலபமா இருந்திருக்காது” என்றார் அவர். “அதுக்காக நீங்க மத்தியானம் பேசினது இல்லேன்னு ஆயிடாது சார். என் மகன் வயசு உங்களுக்கு.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வானொலி பக்கத்தில் வந்து நின்றாள். “பாஸ், குழந்தையை எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கேன். எங்க அம்மா பார்த்துக்குவாங்க. அவ அப்பா வர்ற வரைக்கும் இருக்கட்டும்.”

“என்னைக் கேட்டாளா?”

வானொலி பொய் சொல்லத் தெரிந்தவள்தான். அன்று சொல்லவில்லை. “மாமா ஏன் இப்படிப் பண்ணாருன்னு கேட்டா.”

இயக்குநரின் அறையில் காவல் ஆய்வாளர் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, வேகமான கையெழுத்து. சிவப்பு விளக்கு, ஸ்கூட்டர் எண், கூடை எல்லாவற்றையும் ஆந்தை வரிசையாகச் சொன்னான். நூறு வழக்கில் சொன்னது போலவே தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னான்.

“பிரமாதம் சார்” என்றார் ஆய்வாளர். “கறை போன கதையை நான் எங்க ஸ்டேஷன்ல எல்லாருக்கும் சொல்லப் போறேன்.” கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “ஒரே ஒரு கட்டம் பாக்கி. குற்றம் சாட்டப்பட்டவரை உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?”

ஆந்தை பேனாவைப் பார்த்தான்.

“தெரியாதுன்னு எழுதிக்கோங்க” என்றான்.

ஆய்வாளர் தலைநிமிர்ந்தார். “சார், உறவுமுறைன்னு ஒரு இடம் இருக்கே.”

“அதுல தம்பின்னு எழுதுங்க.”